சின்ன பாத்ரூமில் தங்கிப் போனவர்கள்

அண்ணன் வீட்டில் தங்கி வேலைக்குப் போகலாம் என்று நான் வந்து இறங்கிய மறுநாள் காலை, துண்டும் சோப்புமாகப் போய் நடைக்கோடியில் இருந்த சின்ன பாத்ரூமின் தாழ்ப்பாளில் கை வைத்தேன். சமையலறையிலிருந்து அண்ணி போட்ட சத்தத்தில் சோப்பு நழுவிக் கீழே விழுந்தது.

"ஐயோ, அதைத் திறக்காதே! உள்ள ஆள் இருக்கு!"

"யாரு அண்ணி? அண்ணன் ஹால்ல பேப்பர்தானே படிச்சிக்கிட்டு இருக்காரு?"

"உங்கண்ணன் இல்ல. நோயாளி."

நோயாளியை அன்று மாலைதான் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு கறுப்புப் பூனைக்குட்டி. சீழ் பிடித்து இரண்டு கண்களும் ஒட்டிப் போயிருந்தன. வாளியையும் குவளையையும் வெளியே துரத்திவிட்டு அந்த இடத்தில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் பழைய போர்வை, துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டில். பாட்டிலைத் தாயாக நினைத்துக்கொண்டு குட்டி அதன்மேல் தலை சாய்த்துப் படுத்திருந்தது. அந்த வீட்டில் நான் இருந்த அத்தனை வருஷத்திலும் அந்த பாத்ரூமில் ஒரு தடவைகூடக் குளித்ததில்லை.

அண்ணிக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பார். என்ன கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளை மாவு ஒட்டிக்கொண்டே இருக்கும். "ஊருக்கெல்லாம் சிரிப்பு செஞ்சு குடுக்கிறா, வீட்டுக்கு வந்தா மட்டும் முறைக்கிறா" என்பது அண்ணனின் நிரந்தர ஜோக். கேட்டுக் கேட்டு எனக்கே புளித்துவிட்டது. அண்ணி மட்டும் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துவிடுவார்.

பூனை விவகாரம் தொடங்கியதும் அந்த லேபில்தான். பின்கட்டில் காற்றடிக்கும் மெஷினுக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. தாய் தெருவில் வண்டியில் அடிபட்டுப் போக, குட்டிகளில் ஒன்று மட்டும் உயிரோடு கத்திக்கொண்டிருந்தது. அண்ணி அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு, தெருவோரம் கிடக்கும் பிராணிகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கிருந்த டாக்டரம்மா குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"இதைப் பிழைக்க வச்சிடலாம். ஆனா இங்க வச்சா மத்த பூனைங்ககிட்ட இருந்து இல்லாத நோயெல்லாம் ஒட்டிக்கும். தத்தெடுக்க ஆள் கிடைக்கிற வரைக்கும் உங்க வீட்ல ஒரு ரூம் ஒதுக்க முடியுமா?"

"ரூம் இல்ல டாக்டர். ஒரு பாத்ரூம் இருக்கு."

அவ்வளவுதான். அந்த ஒரு பதிலில் அண்ணியின் வாழ்க்கை வேறு பாதைக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவருக்கு 'பல்லக்கா' என்று பெயராயிற்று. சளி பிடித்தது, கால் ஒடிந்தது, சொறி வந்து முடியெல்லாம் கொட்டியது, பயத்தில் மூலையை விட்டு நகராதது என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து, தேறி, யார் வீட்டுக்கோ போய்க்கொண்டே இருந்தது.

அண்ணி எதற்கும் பெயர் வைக்க மாட்டார். "பேர் வைக்கிறது கூட்டிட்டுப் போறவங்க பாடு. நாம வச்சா நம்மளது ஆயிடும்" என்பார். ஆனால் கூப்பிடாமல் இருக்க முடியுமா? பட்டப்பெயர்கள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியது 'கொடிக்கம்பி'. மருந்தைக் கண்டால் மயங்கி விழுவதுபோல் பாவனை செய்தது 'நாடகக்காரி'.

இன்றைக்கும் எங்காவது பினாயில் வாசனை அடித்தால் எனக்கு அந்த வீட்டு நடைதான் ஞாபகம் வருகிறது. பாத்ரூம் வாசலில் தனியாக ஒரு ஜோடி செருப்பு, ஆணியில் தொங்கும் பழைய சட்டை. உள்ளே போகும்போது அதைப் போட்டுக்கொண்டு, வெளியே வரும்போது கழற்றிவிட்டு முழங்கைவரை கழுவ வேண்டும். சமையலறை ஜன்னலில் எங்கள் டம்ளர்களுக்குப் பக்கத்தில் ஊசியில்லாத சிரிஞ்சுகள் வரிசையாகக் காயும். மருந்து கொடுக்கும் நேரத்தில் அண்ணி பூனையைத் துண்டால் கழுத்துவரை சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். தலை மட்டும் வெளியே தெரியும். "அவ்வளவுதான், அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு, என் செல்லம்ல" என்று பேசிக்கொண்டே வாயின் ஓரத்தில் சிரிஞ்சைச் செருகி, அது என்ன ஏது என்று யோசிப்பதற்குள் வேலையை முடித்துவிடுவார்.

அண்ணனுக்குப் பூனை முடி ஆகாது. பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை பார்த்த அவர் நாளெல்லாம் ரப்பர் தூசியில் நிற்பார், ஒரு தும்மல் வராது. வீட்டு வாசலில் கால் வைத்ததும் தொடங்கிவிடும். "நானும் உடம்பு சரியில்லாதவன்தான். என்னையும் யாராவது தத்தெடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்று மூக்கை உறிஞ்சுவார்.

"உங்களை யாரு எடுப்பா? திங்கிற அளவைக் கேட்டாலே ஓடிடுவாங்க" என்பார் அண்ணி.

எதிர் வீட்டம்மா ஒருநாள் வாசலில் நின்று, "பிள்ளை இல்லாத குறையை இப்படித் தீர்த்துக்கிறீங்க போல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அண்ணி அமைதியாக, "பிள்ளையா இருந்தா இப்படி வளர்த்து வளர்த்து ஊருக்குக் குடுக்க முடியுமாங்க? அடுத்தது வெள்ளையா ஒண்ணு வருது, உங்க வீட்டுக்குச் சொல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டார். அந்தம்மா அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி நழுவினார்.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. சிலது அண்ணியின் கைச்சூட்டிலேயே அடங்கிப் போனது. அப்போதெல்லாம் அவர் அழ மாட்டார். பாத்ரூமைச் சுவர் சுவராகத் தேய்த்துக் கழுவுவார். கழுவிய இடத்தையே மறுபடியும் கழுவுவார். அந்தப் பிரஷ் சத்தம் நிற்கும்வரை நானும் அண்ணனும் ஹாலில் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.

அப்படியிருக்கும்போதுதான் 'மேனேஜர்' வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ பெட்டியில் வைத்துவிட்டுப் போன கிழட்டுப் பூனை. சாம்பல் நிறம், தொங்கிய கன்னம், ஒரு காது கிழிசல். நம் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க வந்தவன்போல ஒரு பார்வை. சிறுநீரகம் பழுதாகியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் சலைன் ஏற்ற வேண்டும். ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் ஊசி போட வேண்டும். பிடிக்கும் ஆளாக நான் இருந்தேன். இடையில் ஆபீஸ் வேலையாக நான் வெளியூர் போக நேர்ந்ததால், அந்தப் பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது.

நான் திரும்பி வந்தபோது கண்ட காட்சியை என் கண்ணாலேயே நம்ப முடியவில்லை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அண்ணன் பாத்ரூம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மேனேஜர். சட்டை மாட்டும் கொக்கியில் சலைன் பை தொங்கியது. "மேனேஜர் சார், இன்னிக்கு டிப்போல என்ன நடந்துச்சு தெரியுமா..." என்று அவனிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ வந்துட்டியா? பரவாயில்ல, இதை நானே பார்த்துக்கிறேன். உன் கை அவருக்குப் பழக்கம் விட்டுப்போச்சு" என்றார் என்னிடம்.

மாதங்கள் போயின. கிழட்டுப் பூனையை, அதுவும் நோயாளியை, யார் எடுப்பார்கள்? இவன் இங்கேதான் என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டார். அந்தச் சமயத்தில் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. தாயில்லாத குட்டிகள், வயிற்றுப்போக்கில் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, தொற்று நோய், ஆஸ்பத்திரியில் வைக்க இடமில்லை. அவரே இன்னொன்றும் சொன்னார். ரிட்டயர்டான ஒரு நர்ஸம்மா மேனேஜரின் போட்டோவைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். தனியாக இருப்பவர், சலைன் ஏற்றுவது அவருக்குக் கைவந்த வேலை.

சமையலறையில் அண்ணி விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் தட்டை நகர்த்தி வைத்தார்.

"அவன் நம்ம வீட்டு ஆளு."

"அதைத்தாங்க நானும் இத்தனை நாளா பயந்துக்கிட்டு இருந்தேன். இவனை வச்சுக்கிட்டா அந்தக் குட்டிங்களை எங்க வைக்கிறது? ஒரே கூரைக்குள்ள வச்சா இவனுக்கும் ஒட்டிக்கும். இவன் தாங்க மாட்டான்."

"உலகத்துப் பூனையெல்லாம் நம்ம தலையிலதான் விடியணுமா?"

"உலகத்துப் பூனை இல்ல. போன் வந்த பூனை."

அவர்கள் இருவரும் நிஜமாகச் சண்டை போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சத்தமில்லாத சண்டை. "குழம்பு இருக்கான்னு கேளு", "இருக்குன்னு சொல்லு" என்று நடுவில் நான் தபால்காரியாக அலைந்தேன்.

நர்ஸம்மா வீட்டுக்கு மூன்று பேரும் போனோம். கூண்டை அண்ணன் யாரிடமும் கொடுக்கவில்லை. வெயில் விழும் சுத்தமான வீடு. ஜன்னலோரம் மெத்தை போட்டுத் தயாராக வைத்திருந்தார். மேனேஜர் கூண்டைவிட்டு இறங்கி, வீட்டை ஒரு சுற்று தணிக்கை செய்துவிட்டு, மெத்தையில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"இவர் பேரு என்னங்க?" என்று கேட்டார் நர்ஸம்மா.

அண்ணி வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணன், "மேனேஜர்னு கூப்பிடுவோம். நீங்க வேற வச்சுக்கலாம்" என்றார். தும்மல் வருவதுபோல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

அன்றைக்கே குட்டிகள் வந்தன. நடக்கத் திராணியில்லாத நனைந்த பஞ்சுருண்டைகள். அண்ணி லேபுக்கு லீவு சொன்னார். அண்ணனும் லீவு போட்டார். அண்ணியோடு பேசாமலேயே வெந்நீர் வைத்தார், நாறிய துணிகளை அலசினார், பாட்டில் மாற்றினார். இரண்டு குட்டிகள் போய்விட்டன. இந்தத் தடவை பிரஷ்ஷை அண்ணியின் கையிலிருந்து வாங்கி அண்ணன் தேய்த்தார். அண்ணி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு காலை. நான் ஆபீசுக்குப் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். பாத்ரூமிலிருந்து அண்ணனின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"ஏம்மா... இங்க வாயேன். இது தானா சாப்பிடுது."

அண்ணி ஓடினார். நானும் மடிப்பைப் பிடித்தபடியே ஓடினேன். குட்டிகளிலேயே சிறியது, மூக்கிலும் மீசையிலும் கூழ் அப்பிக்கொண்டு தட்டை நக்கிக்கொண்டிருந்தது. அண்ணி அண்ணனின் தோளில் கை வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். சண்டை அத்தோடு தீர்ந்தது.

மிஞ்சிய மூன்று குட்டிகளும் நல்ல வீடுகளுக்குப் போயின. மேனேஜர் நர்ஸம்மாவிடம் இரண்டு வருஷத்துக்கு மேல் சௌக்கியமாக இருந்து, ஒரு மதியம் வெயிலில் படுத்தபடியே கண்ணை மூடினான். சேதி வந்ததும் அண்ணனும் அண்ணியும் போய், கூட இருந்து புதைத்துவிட்டு வந்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. அண்ணி வேலையை விட்டுவிட்டார். கை லேசாக நடுங்குகிறது. மருந்து கொடுப்பது இப்போது அண்ணன். போன மாதம் போயிருந்தபோது அங்கே மூன்று காலில் நடக்கும் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் ஹாலில் உட்கார்ந்து பழைய பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தோம். நாடகக்காரியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த அண்ணி பாதியிலேயே நாற்காலியில் தூங்கிப்போனார். அண்ணன் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து, மீதிக் கதையை என்னிடம் மெல்லிய குரலில் சொல்லி முடித்தார்.