கண்துளை இல்லாத முகமூடி

நம்பாவிட்டால் போங்கள், உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு ஆசையில்லை. அன்று கூட இருந்த என் அண்ணன் ஆன்செல்ம் இன்றுவரை அப்பாவின் நாற்காலியில் உட்காருவதில்லை.

1755இல், கனடாவில் குடியேறியிருந்த பிரெஞ்சு வம்சத்தவரான எங்கள் அகாடிய மக்களை ஆங்கிலேயர்கள் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். என் முன்னோர் பஸீலும் அதில் போனவர்தான். எங்கே போனார், என்ன ஆனார், ஒருவருக்கும் தெரியாது. "எப்படியாவது அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரும்மா லெயோனி" என்று சொல்லித்தான் அப்பா கண்ணை மூடினார். ஆறு வருடம் பழைய ஏடுகளில் தேடினேன்.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவாரம். கனடாக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஷெட்டிகாமில் அந்த வாரம் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். வாயே திறக்க மாட்டார்கள். யாரென்று சரியாகச் சொல்லிவிட்டால் முகமூடியைக் கழற்றியாக வேண்டும்.

மாலை 6.40. கும்பலாக வருவதுதான் வழக்கம். வந்ததோ ஒரே ஆள். தலை முழுக்கக் கப்பல் பாய்த் துணி. கழுத்தைச் சுற்றித் தடித்த நூல் தையல்.

நேராக அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மீன்கடை ஒனெசிமா?" என்றேன்.

தலை ஆடியது. இல்லை.

"தபால்கார ஃபிலியாஸா?"

இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். துணியில் கண்ணுக்குத் துளையே இல்லை. ஆனாலும் மேசையில் விரித்திருந்த என் வம்சாவளித் தாளில், பஸீல் என்ற பெயர்மேல் சரியாக விரலை வைத்தார்.

சொட்... சொட்...

அவர் உடையிலிருந்து தண்ணீர். வெளியே மழையில்லை. எல்லாம் உறைந்து கிடந்தது.

"யாருடா நீ? நக்கல் போதும், எந்திரி" என்றான் ஆன்செல்ம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். விளையாட்டாகச் சொல்லித் தொலைத்தேன்.

"நீங்க பஸீல் தாத்தாதானே?"

தலை மேலும் கீழும் ஆடியது... மெதுவாக.

கை கழுத்துத் தையலுக்குப் போனது.

டப். ஒரு நூல் அறுந்தது.

டப்...

"கழட்டாதீங்க!" அலறினேன். "வேணாம்... போயிருங்க!"

கை நின்றது.

6.52. நாற்காலி காலி. கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. தரையில் தேங்கிய நீரை ஆன்செல்ம் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

மூன்று வாரம் கழித்து ஆவணக் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. உள்ளே ஒரு கப்பல் அதிகாரியின் குறிப்பு. அம்மையில் செத்துவிட்டார் என்று பஸீலைப் பாய்த் துணியில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கடலில் தள்ளும் நேரத்தில் உள்ளேயிருந்து தன் பெயரைச் சொன்னாராம். அவிழ்த்துவிடச் சொல்லி அழுதாராம்.

தொற்றிவிடுமோ என்ற பயத்தில் யாருமே அவிழ்க்கவில்லை.

ஆறு வருடம் தேடிய நானும்தான்.