என் மூக்கின் சாட்சி

நான் மூக்கால் பிழைத்தவன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு பால் கம்பெனியில், கிராமங்களிலிருந்து வேனில் வந்து இறங்கும் ஒவ்வொரு கேனையும் மூடி திறந்த நொடியில் மோந்து பார்த்து, ‘ஊத்து’ அல்லது ‘ஒதுக்கு’ என்று சொல்வது என் வேலை. லேபில் மெஷின்கள் உண்டு. ஆனால் கேன் கேனாகச் சோதிக்க நேரம் கிடையாது. புளிப்பு, கொட்டகை நாற்றம், மருந்து வாடை எல்லாவற்றையும் என் மூக்குதான் முதலில் மறிக்கும்.

அதற்காக இருபது வருஷம் விரதம் இருந்தேன். பவுடர் இல்லை, பீடி இல்லை, காலையில் வெங்காயம் இல்லை. “இவருக்கு மூக்குதான் மூத்த பொண்டாட்டி” என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லை என்றால் பொய்.

கொரோனாவில் வாசனை போனது. ஊரில் எல்லாருக்கும் போய், எல்லாருக்கும் திரும்பி வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. வேலை போய்விடுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போலக் குனிந்தேன், முகத்தைச் சுளித்தேன், தலையாட்டினேன். பாலைக் கண்ணால் பார்த்துச் சந்தேகம் வந்தால் லேபுக்கு அனுப்பினேன். “அண்ணாச்சி முன்னைக்கு இப்ப ரொம்பக் கறாரு” என்று மேனேஜர் பாராட்டினார். முழுப் பூசணிக்காய் ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சோற்றுக்குள் பத்திரமாகக் கிடந்தது.

ஒரு நாள், பாக்கெட் போடுவதற்கு முன் ருசி பார்த்த லேப் பெண் வாயிலிருந்ததைத் துப்பினாள். பினாயில். குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்கள். இங்கே ஒரு டேங்க் பாலையே கழிவுக்குத் திறந்துவிட்டார்கள். குழாய்களை மூன்று தடவை கழுவினார்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அன்று காலை ஒரு வேனில் கடைச் சாமான்களுக்கு நடுவே கேன்கள் வந்திருந்தன. ஒரு மூடி வெள்ளையாக நனைந்திருந்தது. பால் சிந்தியிருக்கிறது என்று நினைத்து ‘ஊத்து’ என்றேன். சாமான்களோடு வந்த பினாயில் பாட்டில் ஏதோ ஒன்று ஒழுகியிருக்கிறது; தண்ணீர் பட்டால் பினாயிலும் வெள்ளைதான். அதைக் கண்ணால் பிரிக்க முடியாது.

விசாரணை சீக்கிரம் முடிந்தது. “வெளியிலருந்து வந்திருந்தா அண்ணாச்சி மூக்கு விட்டிருக்குமா?” என்றார் மேனேஜர். அப்படியானால் உள்ளேதான் கலந்திருக்க வேண்டும். உள்ளே பினாயில் தொடுகிறவர், பால் ஊற்றும் தொட்டியையும் தரையையும் கழுவும் பெண் ஒருவர்தான். வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான்.

“தொட்டி பக்கம் நான் பினாயிலைக் கொண்டுபோனதே இல்ல சார்” என்று அழுதார். அழுதுகொண்டே என்னைப் பார்த்தார். நான் என் ரப்பர் கம்பூட்ஸைப் பார்த்தேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் நின்ற இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு நாள் மறுபடியும் கேன்களுக்கு முன் குனிந்து தலையாட்டினேன். மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய், “எனக்கு வாசனையே தெரியாது சார்” என்றேன். அவர் சிரித்தார். பினாயில் பாட்டிலைத் திறந்து என் மூக்கடியில் பிடித்தார். நான் சும்மா நின்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மூக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கேன் இறங்கும் இடத்தில் மோந்து பார்க்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் வேலையை எனக்கு. துரத்தாமல் விட்டதே பெரிது. முதல் நாள் அவரிடம் போய், “என்னை மன்னிச்சிரும்மா” என்றேன்.

“உங்களுக்கு மூக்கு இல்லன்னு எனக்கு முன்னமே தெரியும் அண்ணாச்சி. ஊசிப்போன சாம்பாரை ஒரு நாள் வழிச்சு வழிச்சு சாப்பிட்டிய. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

“பொறவு ஏம்மா அன்னைக்குச் சொல்லல?”

“நான் சொன்னா யாரு நம்புவா? நீங்களே சொல்லுவியன்னு ரெண்டு நாளா போனைக் கையிலயே வச்சிருந்தேன்.”

வேன் வந்து நின்றது. அவர் முதல் கேனின் மூடியைத் திறந்து குனிந்தார். நான் பினாயில் வாளியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றேன்.