காலையில் மட்டும் திறக்கும் ஊசி அறை

முதலில் வியர்வைதான் வந்தது. கான் ஹொய் துறைமுகத்தில் ஓர் அரிசிக் கிடங்குக்கு இரவுக் காவல் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வீடு திரும்பிப் படுத்து எழுந்தால் பாயில் என் உடம்பின் வடிவத்தில் ஈரம் இருக்கும். சைகோன் புழுக்கம் என்று விட்டுவிட்டேன். பிறகு இருமல் வந்தது. ஒருநாள் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது.

பிள்ளைகளே, இந்த ஊரில் நம் தமிழ் வீடுகள் சிலவற்றில் இப்போது அப்பா தனித் தட்டில் சாப்பிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே (நெஞ்சின் உள்ளே காட்டும் படம்) எடுத்தார்கள். வலது நுரையீரலில் காசநோய். பிரெஞ்சு படித்த வியட்நாமிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வீட்டில் சின்னக் குழந்தை உண்டா, முசியே?"

"கடைக்குட்டி ஒருத்தி இருக்கா டாக்டர். இப்பத்தான் நடக்கறா."

"சளியில் கிருமி போகிற வரைக்கும் அவளைத் தூக்காதீர்கள்."

நோயின் பெயரைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைக் கேட்டதும், எத்தனை நாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கட்டில்கள் போதவில்லை. சண்டையில் காயம்பட்டவர்கள் தாழ்வாரம் முழுக்கக் கிடந்தார்கள். எங்கள் பகுதியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், ஒருவர் தலைப்பக்கம் இன்னொருவர் கால். என்னோடு படுத்தவர் பெயர் தாம், நான் தாம் அண்ணன் என்று கூப்பிடுவேன். கப்பலில் மூட்டை தூக்குகிற வியட்நாமியர். அவர் பாதம் என் முகத்துக்கு நேரே இருக்கும். "தம்பி, என் காலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத் தூங்கு, நல்லது நடக்கும்" என்பார்.

என் பெரியப்பா மகன் சவரி அண்ணனுக்கும் எனக்குச் சில மாதம் முன்பே இதே நோய் வந்தது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர். அந்தக் குடியுரிமைக்காரர்கள் போகும் ஆஸ்பத்திரியில் அவருக்குத் தனி அறை, வெள்ளைத் திரை, ஜன்னலுக்கு வெளியே மரம். ஊசி கட்டிலுக்கே வரும். வீட்டுக்குப் போன பிறகும் நர்ஸ் சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவாள். குணமானதும் என்னைப் பார்க்க வந்தார்.

"அன்னைக்கே குடியுரிமைக்குக் கையெழுத்துப் போடுடான்னேன். ஊர் வழக்கத்தை விடமாட்டேன், காரைக்கால் காரைக்கால்னு நின்னே. இப்ப எட்டு விரல் அகலக் கட்டில்ல எவன் காலையோ கட்டிக்கிட்டுக் கிடக்கறே."

சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சில வாரங்களில் தாம் அண்ணனையும் என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி) மாதக்கணக்கில் தொடர வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியின் ஊசி அறைக்கு நாங்களே போக வேண்டும். அந்த அறை காலையில் மட்டும் திறக்கும். துறைமுக வாசலில் அன்றைய கப்பலுக்கு ஆள் எடுப்பதும் அதே நேரம்தான்.

எனக்கு இரவு வேலை. காவல் முடிந்து நேராகப் போய் வரிசையில் நின்றுவிடலாம். தாம் அண்ணனால் முடியவில்லை. கொஞ்ச காலம் வந்தார், பிறகு வரவில்லை. ஒருநாள் துறைமுகத்தில் பார்த்துக் கேட்டேன்.

"இருமல்தான் நின்னுபோச்சே தம்பி. இருமாதவனுக்கு எதுக்கு ஊசி?"

"கிருமி உள்ளேயே இருக்கும்னு டாக்டர் சொன்னாரே அண்ணே."

"இருந்துட்டுப் போகட்டும். நான் ஊசிக்குப் போனா என் மூட்டைய கிருமியா தூக்கும்?"

நான் டாக்டரிடம் போய், சாயங்காலமும் அறையைத் திறக்கக் கூடாதா என்று கேட்டேன். அவருக்குக் கண் சிவந்திருந்தது.

"சாயங்காலம் என்னை ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இருப்பது இரண்டு கை, முசியே."

தாம் அண்ணன் அடுத்த மழைக்காலத்தில் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தார். இந்த முறை நோய் மருந்துக்குக் கேட்கவில்லை, அங்கேயே போய்விட்டார். அவர் என்னைவிடப் பலசாலி. நான் பிழைத்ததற்கு என் உடம்பு காரணமில்லை. எனக்கு இரவு வேலை, அவ்வளவுதான். அந்த அறை இன்றும் காலையில்தான் திறக்கிறது.

வீட்டில் என் மனைவி லான் எனக்கு ஒரு மூலையில் திரை கட்டியிருந்தாள். லான் இந்த ஊர்க்காரி. அவர்கள் வழக்கத்தில் நடுவில் ஒரு தாம்பாளம், அதில் மீன், கீரை, தொட்டுக்கொள்ள ஒரே கிண்ணம். எல்லோருடைய சாப்பாட்டுக் குச்சியும் அதிலேயே போய் வரும். எனக்கு மட்டும் திரைக்கு இந்தப் பக்கம் அலுமினியத் தட்டு. கடைக்குட்டியை நாங்கள் ஊட் என்று கூப்பிடுவோம். இந்த ஊர்ப் பேச்சில் கடைக்குட்டி என்றுதான் அர்த்தம். அவள் பேசப் பழகியதைத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே கேட்டேன். ஒரு சொல் சரியாக வந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன். அவள் கழற்றிப் போட்ட சட்டையைக்கூட முகர்ந்து பார்க்கப் பயம்.

ஒரு வருஷம் கழித்துக் கடைசியில் டாக்டர் சொன்னார்: "மூன்று முறை பார்த்தாயிற்று. சளியில் கிருமி இல்லை. குழந்தையைத் தூக்கலாம்."

ஓடித்தான் வந்தேன். லான் அழுதாள், சிரித்தாள், திரையை அவிழ்த்தாள். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்ததும் நான் பழைய மூலையில், பழைய தட்டோடு உட்கார்ந்தேன். காரைக்கால் பக்கத்தில், விலக்கி வைத்தவனை வீட்டுக்காரி கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். அவனாகப் பொதுச் சட்டியில் கை வைக்கமாட்டான். யாரும் கூப்பிடவில்லை. இன்னும் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் குழந்தையையும் தூக்கப் போகவில்லை. பல நாள் அப்படியே போனது.

ஒரு மத்தியானம் லான் அகப்பையைத் தாம்பாளத்தில் ணங்கென்று போட்டாள்.

"காரைக்கால் துரைக்கு எங்க தட்டுல கை வைக்கக் கூசுதோ? கண்டவன் காலோட படுத்தப்ப கூசலியா?"

"நீ கூப்பிடலியே, லான்."

"கூப்பிடறதா? விருந்தாளியத்தான் கூப்பிடுவாங்க. நீங்க விருந்தாளியா? அந்தத் தட்டைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு நெஞ்சு எரியுது. எங்களோட உக்காரப் பிடிக்கலைன்னு நினைச்சேன்."

போய் உட்கார்ந்தேன். மீன் பக்கம் கை நீட்டினேன். ஊட் தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"அப்பா கிட்ட போகக் கூடாது" என்றாள்.

அவள் பயப்படவில்லை. அடுப்பைத் தொடக் கூடாது, வாய்க்காலை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது போல அவளுக்கு அதுவும் ஒரு சட்டம். டாக்டர் சொன்னதை எல்லோருக்கும் சொன்னோம், அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. அன்று சொன்னோம். நம்பவில்லை. இனிப்புக் காட்டிக் கூப்பிட்டால், கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். அந்த நாட்கள் ஆஸ்பத்திரி நாட்களைவிட எனக்கு நீளமாக இருந்தன.

ஆகையால் பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்கு இருமல் நின்றாலும் ஊசியை நிறுத்தவிடாதீர்கள். சிணுங்குங்கள், சட்டையைப் பிடித்து இழுங்கள். போக முடியாத வேலை என்றால் பெரியவர்களிடம் சொல்லுங்கள், வேறு வழி தேடட்டும். டாக்டர் சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகு, அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவரும் அங்கே காத்துக்கொண்டுதான் இருப்பார். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

ஒரு பகல் தூக்கத்தில் வயிற்றின் மேல் ஏதோ கனத்தது. விழித்துப் பார்த்தேன். ஊட் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கால் என் மேல் கிடந்தது. எப்போது வந்தாள் என்று தெரியாது. வேலைக்கு நேரமாகியும் நான் அசையவில்லை.

புண் ஆறிய இடத்தில் நுரையீரல் சுருங்கிவிட்டது. நீளமாகப் பேசினால் நடுவில் மூச்சு வாங்க நிறுத்துகிறேன். கதை சொல்லும்போது நான் நிறுத்துகிற இடங்களில் எல்லாம் ஊட் 'ம்' கொட்டுகிறாள். அதுவும் கதையில் சேர்ந்தது என்று நினைக்கிறாள்.

யாராவது அவள் வயதைக் கேட்டால் என் வாயில் ஒரு வயது குறைவாகத்தான் வருகிறது. "பெத்த பொண்ணு வயசு தெரியல" என்று லான் எல்லோர் முன்னாலும் திருத்துவாள். நானும் தலையாட்டுவேன். அடுத்த முறை யாராவது கேட்டால், மறுபடியும் குறைத்தே சொல்கிறேன்.