வெல்லும் என்று வாய்விட்டுச் சொன்ன கோடை

எங்கள் கல்லூரி அணி அந்தக் கோடையில் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. அதனால் எங்கள் ஆட்களின் முகத்தில் சிரிப்பே இல்லை.

கல்லூரி என்று நான் சொல்வது, யாழ்ப்பாணத்தில் நான் எட்டாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடம். அங்கே பெரிய பள்ளிக்கூடங்களுக்கு அதுதான் பெயர். இடப்பெயர்வில் அந்தப் பள்ளிக்கூடம் ஊரை விட்டுப் போய்ப் பிறகு திரும்பி வந்தது. நான் திரும்பிப் போகவில்லை. ரொறன்ரோவில் ஒவ்வொரு கல்லூரியின் பழைய மாணவர்களுக்கும் ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு உதைபந்தாட்ட அணி. பழைய மாணவர்களின் முழங்கால்கள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டதால் விளையாடுவது அவர்களின் பிள்ளைகள். கல்லூரியின் வாசலைக்கூடக் காணாத பெடியள் அதன் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு சனிக்கிழமைகளில் ஓடுவார்கள். நாங்கள் மடக்குக் கதிரைகளில் இருந்துகொண்டு, "இண்டைக்குத் துலைஞ்சுது" என்போம்.

அது வழக்கம். எங்கள் அணி வெல்லும் என்று யாரும் வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் நாவூறு பட்டு எல்லாம் கெட்டுப்போகும். முருகனைக் கும்பிடுகிறவரும் மாதாவைக் கும்பிடுகிறவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற விடயம் அது ஒன்றுதான். பந்தயம் பிடிப்பதும் அப்படியே. எதிரணி வெல்லும் என்றுதான் பிடிப்போம். வென்றால் சந்தோசம், தோற்றால் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களும் எங்களைப் போன்றவர்கள்தானே. அவர்களும் தங்கள் அணிக்கு எதிராகவே பிடிப்பார்கள். ஆகவே பந்தயத்துக்கு ஆள் தட்டுப்பாடு வந்ததில்லை.

அந்தக் கோடையில் எங்கள் ஆட்கள் வாரம் தவறாமல் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தே களைத்துப்போனார்கள். அப்போதும் ஒருவருக்கும் அணியில் நம்பிக்கை வரவில்லை. "உவங்கள் சின்ன ரீமுகளைத்தானே அடிச்சவங்கள்" என்றார்கள். பெரிய அணி ஒன்றை அடித்ததும், "அவங்கட நல்ல பெடியன் வரேல்லை" என்றார்கள்.

எனக்குக் கொஞ்சம் வேறு விதமாகத் தெரிந்தது. காரணம் என் பயம். கார் நிறுத்த இடம் கிடைக்காதோ, பாதை தவறிவிடுமோ, மழை வந்துவிடுமோ என்று எண்ணி நான் எங்கேயும் ஒரு மணித்தியாலம் முந்திப் போய் நிற்பவன். அதனால் பெடியள் பயிற்சி செய்வதைப் பார்த்த ஒரே ரசிகன் நான்தான். கோல் காப்பவனுக்கு இடது பக்கம் பலவீனம். அவன் சகபாடிகளைக் கூப்பிட்டு இடது பக்கத்துக்கே அடி, அடி என்று சொல்லி விழுந்து விழுந்து எழும்புவான். நடுவில் விளையாடும் கட்டைப் பெடியன் பந்து தன்னிடம் வருமுன் மூன்று தரம் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். என்னைப்போல ஒரு பயந்தவன். ஆனால் அவனுக்கு அது பிரயோசனப்பட்டது.

அரையிறுதி வென்ற அன்று எல்லோரும் செத்த வீட்டுக்காரர் போல இருந்தபோது அது என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"பைனலும் நாங்கள்தான் வெல்லுவம்."

கதிரைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. ஒருவர் "தூ, தூ, தூ" என்று தரையில் துப்பினார். என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், எழும்பியே விட்டார்.

"வாயைக் கழுவடா!"

"உண்மையைத்தான் சொல்லுறன், அத்தான்."

"அப்ப பெற் பிடிப்பம். என்னோடை."

எதிர்ப்பக்கத்தில் பிடிக்கவும் முடியாது. அவர்களும் நாங்கள் வெல்வோம் என்றுதானே பிடிப்பார்கள். என் பந்தயத்துக்கு என் சொந்த ஆள்தான் எதிராளி. அத்தானுக்கு ரோல்ஸ் வேண்டியிருக்கவில்லை. அவருக்கு என் குறை தெரியும்.

"தோத்தால், மச்சான், ஒரு மாசம் நீதான் என்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போறாய். போர் ஓ வன்னிலை."

இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். போர் ஓ வன் என்கிற அந்த நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஒரு தரமும் ஏறியதில்லை. எனக்கும் அத்தானுக்கும் ஒரே தொழிற்சாலையில், மிசிசாகாவில் வேலை. யூனியன்வில்லில் இருந்து அவர் வந்து மில்லிக்கனில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். நான் பக்கத்து இருக்கையில் கைபிடியைப் பிடித்தபடி இருப்பேன். மற்ற இடங்களுக்கெல்லாம் ஸ்டீல்ஸ் வீதிதான், எத்தனை சிவப்பு விளக்கு வந்தாலும்.

"நான் வெண்டால், அடுத்த வருசம் முழுக்க நீங்கள் என்னோடை ஒரு மணித்தியாலம் முந்தி வந்து பிராக்ரிஸ் பாக்கவேணும்."

"அதுக்கென்ன. நடக்கப்போறதில்லைத்தானே" என்று கை தந்தார்.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் சோறு இறங்காமல் திரிந்தேன். லொறிகள் கனவில் வந்தன. கடைசியில் பத்தொன்பது வயது மகளிடம் போய், ஞாயிறு விடியக் காலமை நெடுஞ்சாலை பழக்கித் தரச் சொல்லிக் கேட்டேன். அவள் பக்கத்தில் இருக்க, வியர்வையோடு ஏறுபாதையில் ஊர்ந்தேன்.

"வெயிட், அப்பா. நாங்க வின் பண்ணுவம் எண்டுதானே நீங்க பெற் பண்ணினது?"

"ஓம்."

"தென் வை ஆர் வீ டூயிங் திஸ்?"

"தோத்தால்?"

அவள் சிரித்த சிரிப்பில் சொல்ல வேண்டியதை மறந்துபோனாள். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் நினைவு வந்தது. "மேர்ஜ் பண்ணுங்கோ! கோ, கோ, கோ!"

இரண்டு ஞாயிறு. இரண்டாம் நாள் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வெளிவழிகள் மூன்றைத் தாண்டினேன். இது அத்தானுக்குத் தெரியாது.

இறுதி ஆட்டம் மிசிசாகாப் பக்கம் ஒரு மைதானத்தில். பக்கத்தில் இருக்க வேண்டிய மகள் வேலைக்குப் போய்விட்டதால் நெடுஞ்சாலையை விட்டு, விடியவே புறப்பட்டு ஸ்டீல்ஸாலே ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். அத்தான் யாரோ ஒருவருடைய காரில் வந்து இறங்கினார்.

"ஏன் உங்கட காரைக் கொண்டரேல்லை?"

"இண்டைக்கே தொடங்கலாம் எண்டுதான்" என்று என் காரின் சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். "காத்தெல்லாம் காணுமோ, மச்சான்?"

இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் பின்னால். அத்தான் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். முகத்தில் நக்கல் சிரிப்பு, ஆனால் தேத்தண்ணி பாதி என் காலில்தான் விழுந்தது. பிறகு கட்டைப் பெடியன் ஒன்று அடித்துச் சமப்படுத்தினான். யாரும் கத்தவில்லை. "இனித்தான் துலையப்போகுது" என்றார் துப்பியவர்.

முடியப் போகிற நேரம் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. எங்கள் ஆட்கள் ஒரேயடியாக எழும்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கார் தரிப்பிடத்தைப் பார்த்து நின்றார்கள். அத்தானும்தான். நான் மட்டும் பார்த்தேன். உதைக்கிறவனின் கால் எங்கள் கோல் காப்பவனின் இடது பக்கத்துக்குத்தான் திரும்பியது.

"என்னடா நடந்தது?" என்று அத்தான் திரும்பாமலே கேட்டார்.

"பிடிச்சிட்டான்."

"பொய்."

"பந்தை எறியிறான், அத்தான். கட்டையன் எடுத்திட்டான். திரும்புங்கோ!"

அவர் திரும்பியபோது பந்து எதிரணியின் வலைக்குள் கிடந்தது. அந்த வருடத்தின் இரண்டு முக்கியமான விடயங்களை எங்கள் ரசிகர்கள் கார்களைப் பார்த்தபடி தவறவிட்டார்கள். ஊதல் கேட்டதும் அத்தான் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் குத்தினார். "சும்மா லக்கடா, சும்மா லக்!" என்று தொண்டை அடைக்கும் வரை கத்தினார்.

காருக்குள் ஏறியதும் இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். "சரி, வெண்டிட்டாய். ஸ்டீல்ஸாலை இழு. பொழுதுபடப் போய்ச் சேருவம்."

நான் வலப்பக்கம் திருப்பினேன். ஏறுபாதை வளைந்து மேலே போனது. அத்தான் நிமிர்ந்தார்.

"டேய், எங்கை போறாய்? நீதானே வெண்டனி!"

"ஓம்."

அவர் கைபிடியைப் பிடித்தார். நான் வழக்கமாகப் பிடிக்கிற அதே கைபிடி. லொறிகள் இரைந்தன. பிறகு மெதுவாக, கதிரையில் இருந்து பெடியளுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"மச்சான், நாங்கள் போய்ச் சேரமாட்டம்."

இனி நாவூறு இல்லை என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சிக்னல் போட்டேன். அந்தக் கட்டைப் பெடியனைப் போல மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன். பிறகு காரை நெடுஞ்சாலைக்குள் விட்டேன்.