தேவகி அறிவித்த டீ

தேவகி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது அம்பத்தூர் நிலையத்தில் ஆவடி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். அவருடைய கணவர்தான் பேசினார். “காலைல நெஞ்சு வலிக்குதுன்னா சார். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள போயிட்டா.” நான் ஏதோ கேட்டேன், என்ன கேட்டேன் என்று நினைவில்லை. வண்டி வந்தது. ஏறவில்லை.

தொழிற்சாலைகளுக்கு வைஃபை அமைத்துத் தரும் எங்கள் அலுவலகத்தில் நானும் தேவகியும் ஒன்றாகச் சேர்ந்தோம். நான் தெற்கிலிருந்து வந்து அயனம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கியவன். அவர் வெள்ளானூரிலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். “இன்னா நைனா, ரேடியோல செய்தி வாசிக்கிறியா?” என்று என் பேச்சைக் கிண்டல் செய்வார். வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் நான் தலையாட்டுவேன், அவர் சண்டைக்கு நிற்பார். பல முறை எரிச்சல்பட்டிருக்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. கிரேன் நகரும்போது கீழே இருப்பவர்களின் வைஃபை கைபேசிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் குரலில் எச்சரிக்கை போகவேண்டும். சார்ஜ் நிற்கவில்லை என்று புகார் வந்ததும், எங்களுக்கு முன் அங்கே வேலை பார்த்தவர்கள் ‘டிடிம்’ என்ற எண்ணை ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். சார்ஜை மிச்சப்படுத்த அந்தக் கைபேசிகள் அடிக்கடி கண்ணயரும். பொது அறிவிப்பைக் கூரையிலுள்ள வைஃபை பெட்டி பிடித்துவைத்து, அவை விழிக்கும் நேரத்தில்தான் விடும். எத்தனை இடைவெளிக்கு ஒருமுறை என்பதை அந்த எண் முடிவு செய்கிறது. எண் கூடினால் சார்ஜ் நிற்கும், ஆனால் அறிவிப்பு பிந்தும், விட்டுவிட்டுக் கேட்கும்.

தேவகி அதைச் சோதித்த விதம் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் உங்களில் பலருக்குத் தெரியும். கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, நடுவில் நின்று கைபேசியில், “டீ வந்தாச்சு” என்பார். எந்தத் தலை எப்போது திரும்புகிறது என்று பார்ப்பார். யாராவது “இன்னா?” என்று திருப்பிக் கேட்டால் முகம் மாறிவிடும். ‘ஹலோ, ஹலோ’ என்றால் யாரும் மதிக்கமாட்டார்கள், டீக்குத்தான் மனிதன் நிஜமாகத் திரும்புவான் என்பது அவர் கணக்கு. முதல் நாள் டீ இல்லாமலே அறிவித்துவிட்டார். ஆட்கள் கோபப்பட, வாசலிலிருந்த கடைக்குப் போய் எல்லோருக்கும் வாங்கிவந்தார். “பொய் சொன்னா அடுத்த தபா எவன் திரும்புவான்?” என்றார்.

அன்று எண்ணை இறக்கினார். சார்ஜ் பாதி ஷிஃப்டில் தீர்கிறது என்று தொழிற்சாலை மேலாளர் குதித்தார். “சார்ஜ் பூட்ச்சுன்னா வேற பேட்டரி மாட்டிக்கலாம் சார். ஆளு பூட்டா?” என்று கேட்டுவிட்டு, டீ கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சார்ஜ் போடும் ஸ்டாண்டை வைத்தார். டீ குடிக்க வருகிறவர்கள் பேட்டரியையும் மாற்றிக்கொண்டு போனார்கள்.

தேவகியின் காரியம் முடிந்த வாரம் அந்தத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. மேலாளர் புதியவர். பேட்டரி மாற்றுவது தொல்லை, எண்ணை ஏற்றுங்கள் என்றார். அவர் கேட்டபடி செய்துவிடு என்றது அலுவலகம். தலையாட்டத்தான் போனேன். ஆனால் அங்கே நின்றதும் மனம் ஒப்பவில்லை. கிரேனை நிறுத்தச் சொல்லி, எண்ணை ஏற்றி, அவரே பார்க்கட்டும் என்று கைபேசியை மேலாளரிடமே கொடுத்தேன்.

“டீ வந்தாச்சுன்னு சொல்லுங்க சார்.”

சொன்னார். உடனே எதுவும் அசையவில்லை. பிறகு சில தலைகள் திரும்பின. கோடியில் வேலை செய்த ஒருவர் கைபேசியைத் தட்டிக்கொண்டே எங்களிடம் வந்தார்.

“கட்டாயி கட்டாயி கேக்குது சார். டீயா? அப்போ அக்கா வந்துகீதா?”

இல்லை என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

“இறக்கிடுங்க” என்றார் மேலாளர். இறக்கினேன். மறுபடி அறிவித்தது நான், என் ரேடியோத் தமிழில். தலைகள் சேர்ந்தாற்போல் திரும்பின.

தேவகியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சோதனையும் அதற்கு அவர் வைத்திருந்த நிபந்தனையும்தான். டீ வாங்கிவர வாசல் கடைக்கு நடந்தேன்.