தண்ணீர் வராது என்று எழுதியவளுக்குப் பூச்சியம்

விடைத்தாள் திருத்துவதென்றாலே எங்கள் பௌதிகவியல் ஆசிரியருக்கு வேப்பங்காய். அந்தச் சோம்பலை அவர் ஒரு கல்விக் கொள்கையாக மாற்றி வைத்திருந்தார். "அடுத்த ஆளின்ர பேப்பரைத் திருத்தினால்தான் மார்க்ஸ் எங்க விழுது, எங்க போகுது எண்டு உங்களுக்கு விளங்கும்" என்பார். தவணைப் பரீட்சை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்வோம். அவர் கதிரையில் சாய்ந்தபடி புள்ளித்திட்டத்தை வாசிப்பார். நாங்கள் சிவப்புப் பேனையால் சரி, பிழை போட்டு, கூட்டி, கீழே கையொப்பமும் வைப்போம்.

சிவப்புப் பேனை கைக்கு வந்தால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். வகுப்பில் முதலாம் பிள்ளை வேறு. அலகு எழுத மறந்தவர்களுக்கு நான் இரக்கம் காட்டியதே இல்லை.

என் பக்கத்தில் இருந்தவள் விசுவமடுவுக்கு உள்ளே இருந்து சைக்கிளில் வருகிறவள். தகப்பன் தோட்டம் செய்கிறார். உயர்தர முதல் ஆண்டின் கடைசித் தவணையில் அவளுடைய தாள் என்னிடம் வந்தது, என்னுடையது அவளிடம் போனது. அந்தத் தவணைக்கு ஒரு விதி இருந்தது. பௌதிகவியலில் முப்பத்தைந்துக்குக் கீழே எடுப்பவர்களின் பெயர் அதிபரிடம் போகும். அடுத்த கிழமை அவர்கள் கலைப்பிரிவுக்கு மாற வேண்டும். கலைப்பிரிவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளுக்குப் பிடித்தது இதுதான். ஒரு மோட்டரைக் கழற்றிப் பூட்டச் சொன்னால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு.

கூட்டிப் பார்த்தேன். முப்பத்துமூன்று. மறுபடியும் கூட்டினேன். அதே முப்பத்துமூன்றுதான்.

அவளை விழுத்தியது ஒரு கிணற்றுக் கணக்கு. பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில் நீர்மட்டம் இருக்கும் கிணறு. தரையில் வைத்த பம்பி நிமிடத்துக்கு அறுபது கிலோகிராம் தண்ணீரை மேலே இழுக்கிறது. பம்பியின் வலு என்ன? சூத்திரத்துக்கு ஒன்று, பிரதியிடலுக்கு ஒன்று, விடைக்கு ஒன்று, அலகுக்கு ஒன்று என்று நாலு புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு நூற்றிருபது வாற்று என்று எழுதலாம். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதினேன்.

அவள் எழுதியிருந்தது இது: 'பம்பி தரையில் இருப்பதால் தண்ணீர் வராது. கிணற்றுக்குள் இறக்கினால் வரும். ஆகவே வலு கணிக்கத் தேவையில்லை.'

நான் பூச்சியம் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் 'கேட்டதற்குப் பதில் எழுதவும்' என்றும் எழுதி, அடியில் கோடும் இழுத்தேன்.

இடைவேளையில் அவள் தாளை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"சும்மா mgh எண்டு கிறுக்கியிருந்தாலே ஒரு மார்க்ஸ்டி. கீழ வாற்று எண்டு எழுதியிருந்தா இன்னொண்டு. முப்பத்தைஞ்சு வந்திருக்கும்."

"வராத தண்ணிக்கு என்னடி வாற்று?"

"கேள்வியில வருது எண்டுதானே போட்டிருக்கு."

"கேள்வியில வரும். கிணத்தில வராது. நீ குழாயைத் திறந்து குளிக்கிற ஆள், உனக்கு எங்க விளங்கப் போகுது? பள்ளிக்கூடம் விட்டு எங்கட வீட்டை வா."

அவளை மடக்கிவிடலாம் என்ற நினைப்பில்தான் போனேன். கோடைக்காலம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் அடியில் கண்ணாடித் துண்டு போலக் கிடந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டரோ மேலே இல்லை. பாதி ஆழத்தில் குறுக்கே போட்ட மரங்களின் மேல், கயிற்றில் கட்டி இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

மிளகாய்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த அவளுடைய தகப்பனிடம் கேட்டேன். "ஏன் ஐயா மோட்டரைக் கீழ வைச்சிருக்கிறியள்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாரியில மேல வைப்பம், கோடையில இறக்குவம். இருபத்தைஞ்சு அடி தாண்டினா எந்தக் கொம்பன் மோட்டரும் மேல இருந்து இழுக்காது பிள்ளை. நீங்கள் படிக்கிற பிள்ளையள், உங்களுக்குத் தெரியாதே?"

தெரியும். அதுதான் வெட்கக்கேடு. பம்பி தண்ணீரைப் பிடித்து இழுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்கிறது, வெளியே இருக்கும் வளிமண்டல அமுக்கம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அமுக்கத்தால் எவ்வளவு முக்கினாலும் ஏறக்குறையப் பத்து மீற்றருக்கு மேல் தள்ள முடியாது; கசிவும் உராய்வும் போக, தோட்டத்தில் மிஞ்சுவது அந்த இருபத்தைந்து அடிதான். அதே தாளின் பல்தேர்வுப் பகுதியில் இதைக் கேட்டிருந்தார்கள். பத்து மீற்றர் என்று நான் சரியாகப் போட்டு, புள்ளியும் வாங்கியிருந்தேன். இரண்டு பக்கம் தள்ளி, பன்னிரண்டு மீற்றரில் இருந்து தண்ணீரை இழுத்து அதற்கும் புள்ளி வாங்கியிருந்தேன்.

அவள் கிணற்றுக் கட்டின் மேல் இருந்து காலை ஆட்டிக்கொண்டு சிரித்தாள். "என்ன மிஸ், திருத்தம் ஏதும் இருக்கோ?"

அடுத்த நாள் காலையில் வகுப்பு முழுவதும் பார்த்திருக்க அவளுடைய தாளை ஆசிரியரின் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் வாசித்தார். புள்ளித்திட்டத்தைப் பார்த்தார். பிறகு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அதை நாங்கள் அன்றைக்குத்தான் கண்டோம்.

"இவள் எழுதினது சரிதான். காரணம் சொல்ல ஒரு வசனம் குறையுது, ஆனா சரி."

"அப்ப நாலையும் போடுங்கோ சேர்."

"போடலாம். ஆனா இவளுக்குச் சரியெண்டா நூற்றிருபது எண்டு எழுதின எல்லாருக்கும் பிழை. வெட்டினா வேற ரெண்டு பேர் முப்பத்தைஞ்சுக்குக் கீழ போவினம். என்ன செய்வம்?"

அந்த இரண்டு பேரும் யாரென்று எல்லாருக்கும் தெரியும். அவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தது பிழையோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

அவள் எழும்பினாள். "மற்றவைக்கு வெட்ட வேண்டாம் சேர். கேள்வி பிழையாப் போட்டதுக்கு அவை என்ன செய்யிறது? இவளுக்கு மட்டும் வெட்டுங்கோ."

சிரிப்பில் வகுப்பே வெடித்தது.

"எனக்கு மட்டும் ஏன்டி?"

"நாலு போனாலும் உனக்கு எழுபத்தெட்டு இருக்குது. தாங்குவாய்."

தன் கை படாமல் ஒரு வேலை நடக்குமென்றால் எங்கள் ஆசிரியர் மறுக்க மாட்டார். "நல்ல ஐடியா. நீதானே இவளின்ர பேப்பரைத் திருத்தினது? நீயே வெட்டு" என்றார். வெட்டினாள். நிதானமாக, கோடு நேராக வர அடிமட்டம் வைத்து வெட்டினாள். நான் அவளுடைய பூச்சியத்தை அடித்து நாலு போட்டுக் கையொப்பம் வைத்தேன். அவளுக்கு முப்பத்தேழு. எண்பது எடுத்திருந்த கடைசி வாங்கில் இருக்கும் பெடியன் முதலாம் பிள்ளையாகிப் பல்லைக் காட்டினான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்குப் பின்னேரம் வரை அவளோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவாவது அவள் என் பக்கத்தில் இருந்தாள். அடுத்த கிழமையும், கலைப்பிரிவுக்குப் போகாமல், அங்கேதான் இருந்தாள்.