வாசலில் எழுதாத வரி

அந்தப் பாலர் பள்ளியில் அவள் ஆசிரியை அல்ல. மூக்குத் துடைப்பதும், நனைந்த உடையை மாற்றுவதும், காலை ஜெபத்தில் இடது கையால் சிலுவை போடும் பிள்ளைகளுக்குக் கையை மாற்றிவிடுவதும் அவள் வேலை. பதினாறு வருடமாக எல்லோருக்கும் பெரியம்மா.

காலையில் ஒரு நோட்டோடு வாசலில் நிற்பாள். உள்ளே வரும் பிள்ளையின் முகம், கை, கால் பார்த்து, கீறலோ வீக்கமோ இருந்தால் எழுதி, கூட்டிவந்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் 'காயமில்லை' என்று எழுத வேண்டும். பிள்ளைகள்மேல் இரக்கப்பட்டு வந்த ஏற்பாடு அல்ல அது. பள்ளியில்தான் அடிபட்டது என்று எந்தப் பெற்றோரும் சண்டைக்கு வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பள்ளியில் நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. பெரியம்மா வைத்த பெயர் வாயாடி. ஒரு திங்கட்கிழமை அவள் முழங்காலுக்குப் பின்னால் இரண்டு நீலக் கோடுகள் இருந்தன. பெரியம்மா பேனாவைத் திறந்ததும், தையல் கம்பெனிக்குப் போகும் தாய் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க அக்கா. பெரிய சிஸ்டர் இவ அப்பாவக் கூப்பிட்டுக் கேப்பாங்க. கேட்டா அன்னிக்கு எனக்கும் சேத்து விழும்."

"பிள்ளய என்ன செய்யச் சொல்ற?"

"இனிமே நடக்காதுக்கா."

"அவரு சொன்னாரா, நீயே சொல்றியா?"

தாய் அழுதாள். பெரியம்மா 'காயமில்லை' என்று எழுதினாள். இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றதும் ஒரு காரணம்தான்.

அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் இருமுறை அப்படியே நடந்தது. முதல் பொய்யை எழுதியபின் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நான்காவது முறை, ஒரு வியாழக்கிழமை, பிள்ளையைச் சரியாகப் பார்க்காமலே எழுதிவிட்டாள்.

அன்று பதினொரு மணிக்கு வாயாடி பாலைச் சட்டையில் கொட்டிக்கொண்டாள். பெரியம்மா பொத்தானைக் கழற்றும்போது அவள் சுவரிலிருந்த சிலுவையை அண்ணாந்து பார்த்தாள்.

"இயேசுவுக்குக் குளிராதா பெரியம்மா? சட்டையே இல்ல."

"குளிரும். நீ மொதல்ல உன் சட்டையக் கழட்டு."

கழற்றினாள். முதுகு முழுக்க பெல்ட்டின் தடம். ஒன்றில் தோல் கிழிந்து சட்டையோடு ஒட்டியிருந்தது.

பெரியம்மா நேரே தலைமைச் சிஸ்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினாள். சிஸ்டர் பெற்றோரை வரவழைத்தார். தகப்பன் சலவைச் சட்டையில், கைகூப்பியபடி வந்தான். குரலை உயர்த்தவே இல்லை.

"காலைல காயம் இருந்துச்சா சிஸ்டர்? உங்க நோட்டுலயே பாருங்க."

சிஸ்டர் பார்த்தார். 'காயமில்லை'. முந்தைய பக்கங்களிலும் அதே வரி.

"அப்போ இங்கதான பட்டிருக்கு?" என்றான் அவன்.

"நாந்தான் எழுதல," என்றாள் பெரியம்மா. "மூணு வாரமா பாக்குறேன். உங்க வீட்டம்மா அழுதாங்க, விட்டுட்டேன்."

அவன் மனைவியிடம் திரும்பினான். "அழுதியா?"

"இல்லீங்க," என்றாள் அவள், தரையைப் பார்த்து. "நான் எதுக்கு அழணும்?"

"கோர்ட்டு கேசுன்னு அலைய எங்களுக்கு விருப்பமில்ல சிஸ்டர். பிள்ளயக் கூட்டிட்டுப் போறோம். அந்தம்மாவ நீங்க பாத்துக்குங்க."

சிஸ்டர் உள்ளறைக்குப் போய்க் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனில் பேசிவிட்டு வந்தார். பெரியம்மாவைத் தனியே அழைத்தார்.

"எழுத்துல என்ன இருக்குன்னு கேக்குறாங்க. நாளைக்கு வர்றாங்களாம். நான் உன்ன நம்புறேன். ஆனா நீ எழுதினத வெச்சுக்கிட்டு இப்ப அந்தப் பிள்ளயப் போகவிடாம எப்படி நிறுத்தறது?"

பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிடுவதும் அவள் வேலை. வாயாடி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டினாள்.

"நாளைக்கு ஜெபத்துக்கு நான்தான் மணியடிக்கணும். என் முறை. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

"குடுக்க மாட்டேன்."

தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். தாய் இரண்டடி பின்னால் போனாள்.

மறுநாள் அதிகாரி முதலில் அந்த வீட்டுக்குப் போனார். பூட்டிக் கிடந்தது. விடியும் முன்பே ஒரு வேன் வந்து சாமான்களை ஏற்றிப் போனதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் பள்ளிக்கு வந்து, பிள்ளைகளின் குட்டை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து பெரியம்மாவின் வாக்குமூலத்தை எழுதினார்.

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ பாத்தீங்க?"

"மூணு தடவ."

அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "மூணு தடவயா?"

"ஆமா. அப்படியே எழுதிக்குங்க," என்றாள்.